முகமூடிக்குள் ஒரு முகம் - 9: டெலிபோன் டைரக்டரியில் ஜே கேரிக்

போன வாரம் க்ளார்க் கென்ட்டின் மூக்குக்கண்ணாடியோடு நிறுத்தினோம். சூப்பர்மேனும் ஸ்பைடர்மேனும் சந்தித்த 1976 இதழுக்கு இந்த வாரம் போவதாகச் சொல்லியிருந்தேன். போகத்தான் கிளம்பினேன். வழியில், செப்டம்பர் 1961 தேதியிட்ட ‘தி ஃப்ளாஷ்’ 123ஆம் இதழ் பிடித்துக்கொண்டது. மூன்று நாளாக வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

குழந்தைகளுக்கான ஒரு நிகழ்ச்சி. வரவேண்டிய மந்திரவாதி வரவில்லை. பதிலுக்கு மேடையேறுகிறார் ஃப்ளாஷ், அதாவது சென்ட்ரல் சிட்டி போலீஸின் தடயவியல் ஆள் பேரி ஆலன். கயிற்று வித்தை காட்டப்போய், உடம்பை அதிவேகமாக அதிரவைத்தவர் மேடையிலிருந்து மறைந்தே போகிறார். போய்ச் சேர்ந்த ஊரின் பெயர் கீஸ்டோன் சிட்டி.

பேரிக்கு அந்தப் பெயர் அத்துப்படி. சின்ன வயதில் அவர் விரும்பிப் படித்த காமிக்ஸில் வரும் ஊர். அதன் நாயகன் ஜே கேரிக், 1940இல் வெளிவந்த முதல் ஃப்ளாஷ். 1956இல் பேரி அறிமுகமான கதையிலேயே, மின்னல் தாக்குவதற்கு முன் அவர் கையில் இருந்தது அந்தப் பழைய புத்தகம்தான். தன் பெயரையே அதிலிருந்துதான் எடுத்துக்கொண்டார்.

இப்போது என்ன செய்கிறார் தெரியுமா? டெலிபோன் டைரக்டரியைப் புரட்டி ஜே கேரிக்கின் விலாசத்தைத் தேடுகிறார்! நேரே வீட்டுக்குப் போய், ‘நீங்கள்தான் ஃப்ளாஷ்’ என்று அவரிடமே சொல்கிறார். ஜேவின் வாழ்க்கையை அவருக்கே ஒப்பிக்கிறார். ஜேவுக்கு முகமூடிகூடக் கிடையாது. சிறகு வைத்த உலோகத் தொப்பி மட்டும்தான். அதைக் கழற்றி வைத்துவிட்டு, மனைவி ஜோனோடு அமைதியாக வாழ்ந்துகொண்டிருந்த மனிதர் அவர்.

இதற்கு முன்பும் ரகசியங்கள் உடைந்திருக்கின்றன. 1952இல் வந்த ‘சூப்பர்மேன்’ 76ஆம் இதழில் க்ளார்க் கென்ட்டுக்கும் ப்ரூஸ் வேய்னுக்கும் கப்பலில் ஒரே அறை கிடைக்கிறது. வெளியே தீ. இருட்டில் இருவரும் அவசரமாக உடை மாற்றும்போது சன்னல் வழியே வெளிச்சம் விழுகிறது. ஒருவர் குட்டு இன்னொருவருக்குத் தெரிந்துபோகிறது. அழகான காட்சிதான். ஆனாலும் அது தற்செயல். பேரி அப்படித் தெரிந்துகொள்ளவில்லை. படித்துத் தெரிந்துகொண்டார். ஒரு வாசகன் தன் நாயகன் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். இத்தனை வாரமாக இந்தத் தொடரில் எத்தனையோ சந்திப்புகளைப் பார்த்தோம். என்னை உலுக்கியது இதுதான்.

கதையில் வரும் ஒருவர் இன்னொருவருக்கு எப்படி நிஜமாவார்? அதற்கும் பேரியிடம் பதில் இருக்கிறது. இரண்டு பூமிகள் ஒரே இடத்தில், வேறு வேறு அதிர்வில் இருக்கின்றன. காமிக்ஸ் எழுத்தாளர் கார்ட்னர் ஃபாக்ஸ் தூங்கும்போது அவர் மனம் அந்த இன்னொரு பூமியை எட்டியிருக்க வேண்டும். கண்டதைத்தான் கதையாக எழுதியிருக்கிறார் என்கிறார். இந்த ஃபாக்ஸ் யார்? 1940இல் ஜேவை உருவாக்கியவர். இந்த 1961 கதையை எழுதியவரும் அவரே! ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ், ஓவியர் கார்மைன் இன்ஃபான்டினோ. இன்று திரையரங்குகளில் ஓடும் மல்ட்டிவர்ஸ் கதைகளுக்கெல்லாம் தாய்வேர் இந்தக் கூட்டணி போட்டது.

ஒரு மனக்குறை மட்டும் எனக்கு ஆறவில்லை. 1963இல் இரண்டு பூமிகளின் வீரர் குழுக்களும் கைகோத்த ‘ஜஸ்டிஸ் லீக்’ கதையில் பூமிகளுக்கு எண் கொடுத்தார்கள். பேரியின் பூமி ஒன்று. ஜேவின் பூமி இரண்டு. பதினாறு வருடம் முன்னால் பிறந்தவருக்கு இரண்டாம் இடமா? புதிய வாசகர்களுக்குப் பேரிதான் முதலில் அறிமுகம் என்பது புரிகிறது. இருந்தும் மனம் ஒப்பவில்லை.

அந்த 123ஆம் இதழில் ஜே மறுபடி தொப்பியை மாட்டிக்கொள்கிறார். இரண்டு ஃப்ளாஷ்களும் சேர்ந்து மூன்று வில்லன்களை அடக்குகிறார்கள். ஊர் திரும்பும் பேரி, நடந்ததை ஃபாக்ஸிடம் போய்ச் சொல்லப்போவதாக முடிவெடுக்கிறார். அவர் இதையும் காமிக்ஸாக எழுதிவிடுவாராம்.

1976 அடுத்த வாரம். க்ளார்க், பீட்டர் பார்க்கர் இருவருமே செய்தித் துறையை நம்பிப் பிழைப்பவர்கள். அங்கிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)