எண்ணைத் தட்டினால் பெயர் தானே வரும்



நம் கூட்டமைப்பில் லட்சுமி எத்தனை பேர்? கூனங்குப்பத்தில் ஒருவர், கோட்டைக்குப்பத்தில் ஒருவர், லைட் ஹவுஸ் குப்பத்தில் இரண்டு பேர். போன வருஷம் ஒரு லட்சுமி கட்டிய 500 ரூபாய் வேறொரு லட்சுமியின் கணக்கில் ஏறிவிட்டது. முகத்துவாரம் தூர்ந்துபோய் ஏரியில் இறால் கிடைக்காத மாதத்தில், வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அது. "நான் கட்டலைன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று அவர் கேட்டபோது நம்மிடம் பதில் இல்லை. பாஸ் புத்தகத்தில் கையெழுத்து இருந்ததால் பிழைத்தோம்.

தப்பு எங்கே நடந்தது? ரசீதைப் பார்த்து எக்செலில் பெயரை டைப் செய்ததில்தான். இப்போது நாம் பெயரை டைப் செய்வதே இல்லை. உறுப்பினர் எண்ணை மட்டும் போடுகிறோம். பெயர், குழு, கடன் பாக்கி மூன்றையும் கம்ப்யூட்டரே தேடி எழுதுகிறது. இந்த வேலையைச் செய்வது மேக்ரோ.

மேக்ரோ என்றால் என்ன?

கம்ப்யூட்டருக்கு நாம் எழுதிவைக்கும் வேலைக் குறிப்புதான் மேக்ரோ. எக்செலில் 1993 முதல் விபிஏ என்ற மொழியில் இதை எழுத முடிகிறது.

'வி லுக்அப்' ஃபார்முலா போதாதா என்று கேட்கலாம். ஃபார்முலா பட்டியலை எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்கும். பட்டியலில் பாக்கியை 8,000லிருந்து 7,500 ஆக மாற்றினால், போன மாத வரியிலும் 7,500 என்று மாறிவிடும். மேக்ரோ அன்றைய தொகையை எழுதிவிட்டு ஒதுங்கிவிடும். பழைய கணக்கு அப்படியே நிற்கும்.

எப்படிச் செய்வது?

'உறுப்பினர்' தாளில் எண், பெயர், குழு, பாக்கி இருக்கட்டும். 'வசூல்' தாளின் அடியில் உள்ள பெயர்ப் பட்டையில் வலது கிளிக் செய்து 'வியூ கோட்' திறக்க வேண்டும். அங்கே 'ஒர்க்ஷீட் சேஞ்ச்' என்ற பகுதியில் எழுதும் கட்டளை, தாளில் எதை எழுதினாலும் உடனே ஓடும்.

முழுவதையும் நாமே எழுத வேண்டாம். தெரிந்தவர் எழுதியதை வாங்கி, ரவிக்கையைப் பிரித்து நம் அளவுக்குத் தைப்பதுபோல மாற்றிக்கொள்ளலாம். பார்க்க வேண்டிய இடங்கள்:

1. தாளின் பெயர் நம் தாளின் பெயராக இருக்க வேண்டும்.

2. எண் போடும் பத்தி எது என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எந்தப் பத்தியில் எழுதினாலும் மேக்ரோ தேடக் கிளம்பிவிடும்.

3. தேடும் கட்டளையின் கடைசியில் 'ஃபால்ஸ்' இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டால், பட்டியலில் இல்லாத 118ஐப் போட்டாலும் 117க்கு உரியவரின் பெயர் வந்து நிற்கும். பழைய கதைதான்!

4. எண் கிடைக்காவிட்டால் 'எண் தவறு' என்று எழுதச் சொல்ல வேண்டும்.

5. எழுதும் முன் 'எனேபிள் ஈவென்ட்ஸ்' என்பதை நிறுத்தி, எழுதியபின் மறுபடி போட வேண்டும். நிறுத்தாவிட்டால் மேக்ரோ எழுதுவதே மாற்றமாகி, அதுவே தன்னைத் திரும்பத் திரும்பக் கூப்பிடும். நிறுத்திவிட்டுப் போட மறந்தால் பிறகு எதுவும் ஓடாது. எக்செலை மூடித் திறந்தால் சரியாகும்.

கவனம் தேவை

ஃபைலை 'எக்ஸ்எல்எஸ்எம்' வகையில் சேமித்தால் மேக்ரோ தங்கும். மேக்ரோ எழுதியதை 'அன்டூ' கொடுத்து மீட்க முடியாது. எனவே தினமும் ஒரு நகல் எடுத்து வையுங்கள். முன்பின் தெரியாதவர் அனுப்பும் மேக்ரோ ஃபைலைத் திறக்காதீர்கள். அதில் வைரஸ் இருக்கலாம்.

கடைசியாக ஒன்று. 117க்குப் பதில் 171 என்று தட்டினால், மேக்ரோ 171க்கு உரியவரின் பெயரைத்தான் கொண்டுவரும். யார் பணம் என்று அதற்குத் தெரியாது. அதனால் பெயர் வந்ததும், பணம் கட்டியவர் காதில் விழும்படி வாய்விட்டுப் படிப்போம். "ஆமாம், நான்தான்" என்று அவர் சொன்ன பிறகே ரசீது தருவோம்.