மின்காப்புச் சோதனையில் எச்சரிக்கை விளக்கும் மின் இரைச்சலும்

மின்சாரத்தைக் கடத்துவதற்குச் செம்பும் அலுமினியமும் எவ்வளவு இன்றியமையாதனவோ, அதனை உரிய வழியிலேயே நிறுத்தி வைப்பதற்கு மின்காப்புப் பொருள்களும் அவ்வளவு இன்றியமையாதன. காகிதம், எண்ணெய், பீங்கான், மைக்கா ஆகியன ஈரத்தாலும் வெப்பத்தாலும் தூசியாலும் நாளடைவில் நலிவுறுகின்றன. அந்நலிவை முன்னரே அறிதற்கு உதவுவதே ‘மெக்கர்’ என வழங்கும் கருவி.

இரைச்சல் தோன்றும் விதம்

இக்கருவி, காப்பின்மீது உயர்ந்த நேர்மின்னழுத்தத்தைச் செலுத்தி, அதன் வழியே கசியும் மின்னோட்டத்தை அளவிடுகிறது. 5,000 வோல்ட்டில் ஒரு காப்பின் தடை 5,000 மெகஓம் எனின், கசிவு 1 மைக்ரோ ஆம்பியர் மட்டுமே. சோதனைக்குரிய மின்மாற்றி 400 கிலோவோல்ட் சுவிட்ச்யார்டில் இருப்பதாகக் கொள்வோம். அதனுடன் இணைந்த கம்பியும், அருகில் மின்னோட்டமுள்ள கம்பியும், இடையிலுள்ள காற்றும் சேர்ந்து ஒரு கண்டென்சராக அமைகின்றன. அதன் வழியே வினாடிக்கு 50 சுற்று அலையும் மின்னோட்டம் வந்து சேர்கிறது. அது 1 மில்லி ஆம்பியராக இருப்பினும், நாம் அளக்க விரும்பும் கசிவைப்போல் ஆயிரம் மடங்காகும். முள் நடுங்குவதும், எண்கள் நிலைகொள்ளாது மாறுவதும் இதனாலேயே.

அலையும் அளவுகளில் ஒன்றைத் தேர்ந்து பதிவேட்டில் எழுதுதல் தகாது. நலிந்த காப்பு நல்லதெனவும், நல்ல காப்பு பழுதெனவும் கருதப்பட இது வழிவகுக்கும். பணி அனுமதியுடன் மின்மாற்றியிலிருந்து மேல்நிலைக் கம்பிகளைப் பிரித்தல், கவசமிட்ட சோதனைக் கம்பியின் கவசத்தைக் கருவியின் கார்டு முனையில் இணைத்தல், வடிகட்டியுள்ள கருவியாயின் நீண்ட நேரச் சராசரியைக் கொள்ளுதல் ஆகியன தக்க பரிகாரங்கள்.

விளக்கு உணர்த்துவது யாது?

இக்காலக் கருவிகள் பலவற்றில், சோதிக்கும் பொருளில் வெளி மின்னழுத்தம் இருப்பின் விளக்கு ஒளிரும், மணியும் ஒலிக்கும். சிலவற்றில் இவ்வெச்சரிக்கை 30 வோல்ட் அளவிலேயே தொடங்குகிறது. இதற்குக் காரணங்கள் மூன்று: மின்சுற்று முற்றிலும் துண்டிக்கப்படாமை, அருகிலுள்ள கம்பியின் தூண்டல், முந்தைய சோதனையில் தேங்கிய மின்னேற்றம். மூன்றில் எது என்பதை விளக்கு கூறுவதில்லை.

சுவிட்ச்யார்டில் நாள்தோறும் இவ்விளக்கைக் காண்பவர், “இது வெறும் தூண்டல்தானே” என்று எண்ணிவிடுதல் இயல்பு. ஆபத்து அவ்வெண்ணத்தில்தான் உள்ளது. தூண்டலால் வந்த மின்சாரமும் உயிரைப் போக்க வல்லது. மேலும், ஐசொலேட்டரின் ஒரு தகடு பிரியாது நின்றாலும் இதே விளக்கே ஒளிரும். ஆகவே காரணம் தெளியும்வரை அக்கம்பியை மின்னோட்டமுள்ளதாகவே கொள்ளல் வேண்டும்.

விளக்கு ஒளிராமையும் பாதுகாப்பிற்குச் சான்றாகாது. மின்கலம் நலிந்திருக்கலாம், சோதனைக் கம்பி அறுந்திருக்கலாம். அறிந்த மின்மூலத்தில் முன்னும் பின்னும் சரிபார்த்த மின்னழுத்தங்காட்டியால் உறுதி செய்து, பின்னர் ‘எர்த்’ இணைத்தலே முறை.

சோதனை முடிந்த பின்

காப்பு உட்கொண்ட மின்னேற்றம் மெல்லவே வெளிப்படும். சிறிது நேரம் எர்த் செய்து எடுத்துவிட்டால், மின்னழுத்தம் மீண்டும் தலைதூக்கும். சுழல் இயந்திரச் சுருள்களுக்குக் கூறப்படும் விதி, சோதித்த நேரத்தைப்போல் நான்கு மடங்கேனும் எர்த்தில் வைத்தல் என்பது. 10 நிமிடச் சோதனைக்கு 40 நிமிடம். அவசரப் பணியிலும் இந்நேரத்தைக் குறைத்தல் ஆகாது.

ஆசிரியர்களுக்கு

இத்தூண்டலை வகுப்பில் ஆபத்தின்றி விளக்கலாம். மின்கலத்தால் இயங்கும் சிறு ஒலிபெருக்கியின் உள்ளீட்டுக் கம்பியை விரலால் தொட்டால் ஒரு முரலொலி எழும். சுவரிலுள்ள மின்கம்பிகளிலிருந்து நம் உடல் ஏற்ற அலையே அது. வகுப்பறையில் காதுக்கு ஒலியாக வருவது, சுவிட்ச்யார்டில் உயிருக்கு இடராக வருகிறது என்பதை மாணவர் உணர்வாராயின், எச்சரிக்கை விளக்கை அவர் ஒருபோதும் புறக்கணியார்.