மடிக்கணினியில் பாட்டுக் கேட்கத் தனிப்பெட்டி வேண்டுமா?

நம் சங்கத்து அன்பர்கள் பலர் அண்மைக் காலமாக என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பெண் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து சென்னையில் இருக்கும் டீச்சரிடம் பாட்டுக் கற்றுக்கொள்கிறாள். ஹெட்போனில் ஒரே இரைச்சல். 'டாக்' என்று ஒரு பெட்டி வாங்கி மாட்டினால் சரியாகிவிடும் என்கிறார்களே, வாங்கலாமா?" என்பதே அது.

2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது தொடங்கிய இந்த வழக்கம் நம்மைப் போல வெளிமாநிலத்தில் வாழ்பவர்களுக்குப் பெரிய வரமாகவே அமைந்துவிட்டது. மாட்டுங்காவிலோ டோம்பிவிலியிலோ இருந்தபடி மயிலாப்பூர் ஆசிரியையிடம் வர்ணம் கற்க முடிகிறது. ஆனால் குருவின் குரல் சிஷ்யையின் காதை எப்படி வந்து சேர்கிறது என்பதை நாம் யோசிப்பதில்லை. டாக் பெட்டிகள் சில நூறு ரூபாயிலிருந்து லட்ச ரூபாய் வரை விற்பனைக்கு வருகின்றன. எதை, எப்போது வாங்குவது, எப்போது வாங்காமல் இருப்பது என்று தெரிந்துகொண்டால் பணமும் மிச்சம், காதுக்கும் நல்லது.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

கணினிக்குத் தெரிந்தது எண்கள் மட்டுமே. பாட்டு அதற்குள் எண்களின் வரிசையாகத்தான் இருக்கிறது. 1982-இல் விற்பனைக்கு வந்த சி.டி. தட்டில் ஒவ்வொரு விநாடி ஒலியும் 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 பிட் எண்ணாக எழுதப்பட்டது. இந்த எண்களை மீண்டும் மின் அலையாக மாற்றுவதே டாக்கின் வேலை. அந்த அலை மிகவும் மெல்லியது. ஹெட்போனை அதிர வைக்கும் அளவுக்கு அதற்குப் பலம் கொடுப்பது ஆம்ப்ளிபயர்.

இவை இரண்டும் உங்கள் மடிக்கணினிக்குள் ஏற்கெனவே இருக்கின்றன என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஹெட்போன் துளையில் சத்தமே வராது. கடையில் விற்கும் பெட்டி புதிதாக எதையும் கொண்டு வருவதில்லை. உள்ளே நடக்கும் அதே வேலையை வெளியே, சற்று அமைதியான இடத்தில் செய்கிறது. அவ்வளவுதான்.

இரைச்சலும் சுருதியும்

மடிக்கணினியின் உட்புறம் கடைத்தெரு மாதிரி. பிராசசர், மின்விசிறி, திரைக்கு மின்சாரம் தரும் சர்க்யூட் எல்லாம் ஒரே பலகையில் நெருக்கியடித்துக்கொண்டு இயங்குகின்றன. அவற்றின் மின் சலசலப்பு ஒலிப்பகுதிக்குள் கசியும்போது 'உஸ்' என்றோ 'கீ' என்றோ காதில் கேட்கிறது. மவுஸை நகர்த்தும்போது இந்தச் சத்தமும் மாறினால், அது உள்ளிருந்து வருவதுதான் என்று நிச்சயமாகச் சொல்லலாம்.

இரண்டாவது வகை, 'ம்ம்ம்' என்ற ரீங்காரம். இது பெரும்பாலும் வீட்டு மின்சாரத்திலிருந்து வருவது. நம் நாட்டில் மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. அதனால் எழும் ரீங்காரம் 50 ஹெர்ட்ஸிலும், அதன் மடங்குகளான 100, 200 ஹெர்ட்ஸிலும் கேட்கும்.

இதில்தான் பாட்டுக் கற்பவர்களுக்கு ஆபத்து இருக்கிறது. ஐந்து கட்டை சுருதியில் பாடும் பெண்ணுக்கு மத்திய ஸ்தாயி ஸட்ஜம் 196 ஹெர்ட்ஸ். தம்பூராவின் மந்தர ஸட்ஜத் தந்தி 98 ஹெர்ட்ஸ். ஒரு கட்டையில் பாடும் ஆணுக்கு மந்தர பஞ்சமம் ஏறக்குறைய அதே 98. மின்சார ரீங்காரமோ 100, 200 ஹெர்ட்ஸில் நிற்கிறது. அதாவது நம் சுருதிக்கு மிக அருகில், ஆனால் சேராமல், ஒரு மயிரிழை ஏறி ஒலிக்கிறது. 98-ம் 100-ம் சேர்ந்து ஒலித்தால் விநாடிக்கு இரண்டு முறை அலை அலையாக ஏறி இறங்கும். வேறு சங்கீதம் கேட்பவருக்கு இது சிறு தொந்தரவு. சுருதி சுத்தத்தைக் காதில் பதிய வைத்துக்கொள்ள வேண்டிய பத்து வயதுக் குழந்தைக்கோ, பக்கத்தில் ஒருவர் அபசுருதியில் தம்பூரா மீட்டுவதற்குச் சமம். வாரம் இரண்டு வகுப்பு, ஆண்டுக்கணக்காக இப்படிக் கேட்டால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மடிக்கணினியின் ஸ்பீக்கரில் இந்த ரீங்காரம் கேட்கவில்லையே என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கர்களால் 100 ஹெர்ட்ஸ் ஒலியைச் சரியாக எழுப்ப முடியாது. ரீங்காரம் கேட்காததோடு தம்பூராவின் மந்தரமும், மிருதங்கத்தின் தொப்பி நாதமும் காணாமல் போய்விடும். ஆகவே வகுப்புக்கு ஹெட்போன் அவசியமே.

செலவில்லாத நான்கு சோதனைகள்

கடைக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே இவற்றைச் செய்து பாருங்கள்.

ஒன்று: பாட்டை நிறுத்திவிட்டுச் சத்தத்தை வழக்கமான அளவிலேயே வைத்துக்கொண்டு, சார்ஜரைக் கழற்றுங்கள். ரீங்காரம் நின்றுவிட்டால் குறை சார்ஜரிலோ வீட்டு எர்த்திலோ இருக்கிறது. கணினியின் உலோக உடலைத் தொடும்போது லேசாகச் 'சுருக்' என்று இருந்தால், டாக் கடைக்காரருக்கு முன்பு எலெக்ட்ரீஷியனை அழையுங்கள். தற்போதைக்கு, வகுப்பு நேரத்தில் பேட்டரியில் ஓட்டுவதே போதும்.

இரண்டு: அதே பாட்டை அதே ஹெட்போனில், கைப்பேசியின் மூலம் கேளுங்கள். அங்கும் இரைச்சல் இருந்தால் குறை ஹெட்போனிலோ ஒலிப்பதிவிலோ இருக்கிறது. பழைய காஸெட்டிலிருந்து எடுத்த கச்சேரியில் உள்ள 'உஸ்' சத்தம் ஒலிப்பதிவோடு பிறந்தது. எந்த டாக்காலும் அதை நீக்க முடியாது. நல்ல டாக் அதை இன்னும் தெளிவாகவே காட்டும்!

மூன்று: ப்ளூடூத் ஹெட்போனா என்று பாருங்கள். பாட்டுக் கேட்க மட்டும் என்றால் பரவாயில்லை. ஆனால் அதிலுள்ள மைக்கும் சேர்ந்து வேலை செய்யும்போது, பெரும்பாலான கருவிகள் தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். கேட்கும் ஒலி, பேசும் ஒலி இரண்டுமே தேய்ந்துவிடும். போதாததற்குச் சற்றுத் தாமதமாகவும் வந்து சேரும். பாட்டு வகுப்புக்குக் கம்பி உள்ள ஹெட்போனே மேல்.

நான்கு: வகுப்பு நடக்கும் செயலியின் அமைப்புகளைப் பாருங்கள். இச்செயலிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. விடாமல் ஒரே சீராக ஒலிப்பது எதுவானாலும் அதை மின்விசிறிச் சத்தம் என்று எண்ணி வெட்டிவிடும். நம் தம்பூராவும் அப்படித்தான் பலியாகிறது. ஜூம் செயலியில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்ற வசதி உண்டு. ஆசிரியை, மாணவி இருவர் பக்கமும் அதைப் போட்டுக்கொண்டால் ஏற்படும் மாறுதல், பல ஆயிரம் ரூபாய்ப் பெட்டி தருவதைவிட அதிகம்.

எப்போது டாக் வாங்கலாம்?

கைப்பேசியில் சுத்தமாகக் கேட்கிறது, சார்ஜரைக் கழற்றியும் கணினியில் மட்டும் இரைச்சல் போகவில்லை என்றால், அல்லது ஹெட்போன் துளையே பழுதாகிவிட்டது என்றால், டாக் வாங்குவது நியாயம். அதற்கும் பெரிய பெட்டி வேண்டாம். கட்டைவிரல் அளவில், ஒரு பக்கம் டைப்-சி முனையும் மறுபக்கம் ஹெட்போன் துளையுமாக, ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைப்பதே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். கணினியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். மாட்டியவுடன் தானாகவே வேலை செய்யும்.

லேமிங்டன் சாலையானாலும் தில்லி நேரு பிளேஸானாலும், வாங்கும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள். உள்ளே உண்மையிலேயே டாக் இருக்கிறதா? ஒரே மாதிரித் தோற்றமுள்ள சில மலிவு இணைப்பிகளில் வெறும் கம்பிதான் இருக்கும். அவை சில கைப்பேசிகளில் வேலை செய்தாலும் கணினியில் ஊமையாகிவிடும். மைக் உள்ள ஹெட்போனை ஏற்குமா? பெரிய டாக் பெட்டிகள் பலவற்றில் மைக் வசதியே இராது. ஹெட்போன் முள்ளில் மூன்று வளையங்கள் இருந்தால் அது மைக் உள்ளது. அதற்கேற்ற இணைப்பியாகக் கேளுங்கள். மூன்றாவது, பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா?

கடைக்காரர் '32 பிட், 384 கிலோ ஹெர்ட்ஸ்' என்றெல்லாம் அடுக்குவார். மயங்க வேண்டாம். மனிதக் காது மிஞ்சிப்போனால் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். வயது ஏற ஏற அதுவும் குறையும். சி.டி.யின் பழைய 16 பிட், 44.1 கிலோ ஹெர்ட்ஸ் கணக்கே 22,000 ஹெர்ட்ஸ் வரை எட்டிவிடுகிறது. அதற்கு மேல் கொடுக்கும் பணம் பெட்டியின் அழகுக்கு.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். கணினியைச் சுவரில் மாட்டிய ஸ்டீரியோ ஆம்ப்ளிபயருடன் இணைக்கும்போது மட்டும் ரீங்காரம் வந்தால், அது இரண்டு மின் இணைப்புகளின் எர்த்துக்கிடையே ஓடும் வட்டம். சாதாரண யு.எஸ்.பி. டாக் அதைத் தீர்க்காமல் போகலாம். ஆப்டிகல் கம்பி வழியாக இணைக்கும் வகை அதற்கு ஏற்றது. அதில் ஓடுவது மின்சாரமல்ல, ஒளி.

ஆம்ப்ளிபயர் யாருக்கு?

ஹெட்போன் அட்டைப்பெட்டியில் 'ஓம்' என்று ஓர் அளவு போட்டிருக்கும். 16 அல்லது 32 ஓம் என்றால் மடிக்கணினியும் கைப்பேசியும் எளிதாக ஓட்டிவிடும். 250, 300 ஓம் வகைகளுக்கு அதிக வோல்டேஜ் தேவை. சென்ஹைசர் நிறுவனம் 1997-இல் வெளியிட்ட எச்.டி. 600 ஒரு நல்ல உதாரணம். அது 300 ஓம். 1 வோல்ட் கொடுத்தால் 97 டெசிபல் சத்தம் தரும். இன்றைய பாட்டுகளுக்கு அதுவே தாராளம். மெல்லிய அளவில் பதிவான பழைய வானொலிக் கச்சேரிகளைக் கேட்கும்போதுதான் போதாமல் போகும். கணினியில் சத்தத்தை முழுக்கத் திருப்பியும் தாத்தாவுக்குப் பிடித்த ஆலாபனை தூரத்தில் கேட்பது போலிருந்தால் மட்டும் ஆம்ப்ளிபயர் வாங்குங்கள்.

இன்னொரு நுணுக்கம்: ஒலி வெளிவரும் துளைக்கும் ஓம் அளவு உண்டு. அது ஹெட்போன் அளவில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது பொது விதி. 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓம். இதை மீறினால் சில ஹெட்போன்களில் தொப்பி நாதம் கட்டுக்குள் நிற்காமல் வீங்கிக் கேட்கும்.

டாக்கும் ஆம்ப்ளிபயரும் சேர்ந்து தரும் வித்தியாசத்தைவிட, ஹெட்போனை மாற்றுவது தரும் வித்தியாசம் பல மடங்கு என்பது என் உறுதியான கருத்து. கையில் மூவாயிரம் ரூபாய் இருந்தால் இரண்டாயிரத்தை ஹெட்போனில் போடுங்கள். வகுப்புக்குக் காதை மூடும் வகை நல்லது. திறந்த வகையில் டீச்சரின் குரல் வெளியே கசிந்து மைக்கில் புகுந்து அவருக்கே எதிரொலிக்கும்.

காதுக்கு மாற்றுப் பொருள் இல்லை

தனி ஆம்ப்ளிபயர் மாட்டியதும் வீட்டில் எல்லோருக்கும் சத்தத்தைக் கூட்டும் ஆசை வந்துவிடும். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-இல் வெளியிட்ட அளவுகோலின்படி, பெரியவர்கள் 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். குழந்தைகளுக்கு அதே 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல்தான். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 80-இல் 40 மணி என்றால் 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி.

அளவு பார்க்கக் கருவி வேண்டாம். ஹெட்போன் மாட்டியிருக்கும் குழந்தையைக் கைநீளத் தூரத்திலிருந்து சாதாரணக் குரலில் கூப்பிடுங்கள். திரும்பாவிட்டால் சத்தம் அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாம். புதிய பெட்டியை மாட்டும்போதெல்லாம் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, பிறகு மெல்ல ஏற்றுவதைப் பழக்கமாக்குங்கள்.

சுருக்கமாகச் சொன்னால் வரிசை இதுதான்: முதலில் சார்ஜரும் செயலியும், அடுத்து கம்பி உள்ள நல்ல ஹெட்போன், அதன் பிறகும் இரைச்சல் இருந்தால் கட்டைவிரல் அளவு டாக், கடைசியில்தான் ஆம்ப்ளிபயர். பெரும்பாலான வீடுகள் இரண்டாவது படியிலேயே நின்றுவிடும் என்பது என் அனுபவம். மிச்சமாகும் பணத்தில் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது குழந்தையை அந்த டீச்சரின் வீட்டுக்கே அழைத்துச் சென்று, ஒரு நாள் நேரில் உட்கார வையுங்கள். உண்மைத் தம்பூரா எப்படி ஒலிக்கும் என்று ஒரு முறை காதில் ஏறிவிட்டால், அதன் பிறகு ரீங்காரம் எது, சுருதி எது என்று குழந்தையே உங்களுக்குச் சொல்லிவிடும்.