நடனமேடையிலிருந்து கணக்கேட்டுக்கு

திரைப்பட நடிகையைப் பற்றி நம் மாத இதழில் எழுதுவதா என்று பெரியவர்கள் சிலர் நெற்றியைச் சுருக்கக்கூடும். நாம் இங்கே பேசவிருப்பது திரையைப் பற்றியன்று. திரையை விட்டு விலகிய பின் ஒரு பெண்மணி என்ன செய்தார் என்பதைப் பற்றியே.

ஜேம்ஸ்பாண்ட் படங்கள் உலகெங்கும் வசூலைக் குவித்த 1960-களில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனமும் அவ்வழியில் இறங்கியது. 1966-இல் வந்த ‘வல்லவன் ஒருவன்’ படத்தில் துப்பறிந்த ஜெய்சங்கருக்குத் ‘தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்’ என்னும் பட்டம் நிலைத்துவிட்டது. அப்படத்தின் நாயகி எல்.விஜயலட்சுமி, பரதம் கற்றவர். 1968-இல் ‘குடியிருந்த கோயில்’ படத்தில் எம்.ஜி.ஆருடன் பாங்ரா ஆடியவர் என்றால் மதுரையின் மூத்த தலைமுறை உடனே தலையசைக்கும்.

ஜெய்சங்கர் தொடர்ந்து துப்பறிந்தார். நாயகியர் மாறிக்கொண்டே இருந்தனர். அவ்வகைப் படங்களில் பட்டமும் தொடர்ச்சியும் ஆணுக்கே உரியவை.

1969-இல் விஜயலட்சுமி மணந்துகொண்டது வங்காளத்து வேளாண் அறிஞர் சுரஜித் குமார் டி தத்தாவை. பிலிப்பைன்ஸ் நாட்டின் லாஸ் பானோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் அவர் பணியாற்றினார். ஐ.ஆர்.8 நெல்லுக்கு எவ்வளவு தழைச்சத்து இட்டால் எவ்வளவு விளையும் என்று வயலில் அளந்து காட்டியவர் அவரே. ஹெக்டேருக்கு 9 டன்னுக்கு மேல் கண்டார். பழைய நெட்டை ரகங்கள் உரம் மிகுந்தால் சாய்ந்துவிடும். இந்தக் குட்டை ரகம் நிமிர்ந்து நின்றது. மேலூர், சோழவந்தான் பக்கத்து முதியவர்களுக்கு ‘ஐ.ஆர்.எட்டு’ என்ற பெயரை விளக்க வேண்டியதில்லை. சோறு ஆறினால் விறைத்துப் போகிறது என்று அடுப்படிகளில் எழுந்த முணுமுணுப்பும் அந்த நெல்லின் வரலாற்றில் சேர்ந்ததுதான்!

அந்நிய மண்ணில் அவரது ஆட்டத்துக்குக் கைதட்ட ரசிகர் கூட்டம் ஏது? அறிஞரின் மனைவி என்ற பெயரோடு அமைந்திருந்தாலும் எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவரோ கணக்கியல் படிக்கத் தொடங்கினார். பழகிய கலையை விட்டு, பற்று வரவு என்று முதற்பாடத்திலிருந்து தொடங்குவது எளிதா?

நம் இல்லங்களில் நிக்காஹ் பத்திரிகை அச்சானதும் பெண்ணின் கல்லூரிப் புத்தகங்கள் பரணுக்குப் போய்விடுகின்றன. “மாப்பிள்ளை வீட்டில் படிக்க வைப்பார்கள்” என்று பெற்றோர் சொல்வதை நானும் கேட்டு வருகிறேன். பரணிலிருந்து புத்தகம் இறங்கியதைப் பார்த்தது அரிது. கணவருடன் துபாய்க்கும் ரியாதுக்கும் செல்லும் நம் பெண்களுக்கு அங்கே நீண்ட பகற்பொழுதுகள் வாய்க்கின்றன. இத்தனைக்கும் மதுரை, அஞ்சல்வழிக் கல்வியில் குடும்பப் பெண்கள் பட்டம் பெற்ற ஊர். தடுப்பது வயதா, நாமா?

டி தத்தா தம்பதியர் பின்னர் அமெரிக்கா சென்றனர். அங்கே வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் கணக்காளராகச் சேர்ந்த விஜயலட்சுமி, வரவு செலவுத் திட்ட மேலாளர் பொறுப்புக்கு உயர்ந்தார்.