இசையும் விழா உடையும்

திருவிழாவுக்கு எவ்வுடை பொருந்தும் என்பதை அங்கு ஒலிக்கும் இசையைக் கொண்டே அறியலாம். யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் மகோற்சவம் இதற்குத் தக்க சான்று.

நாதசுரக்காரர் இராகத்தை விரித்து வாசிக்க, அமைதியாக நின்று கேட்போருக்குக் கரைவேட்டியும் பட்டுச்சேலையும் அழகு செய்யும். காவடியாட்டமோ வேறு. தவிலின் நடை விரைய விரையக் கால்களும் விரையும். தாழத் தொங்கும் ஆடை இடறும். ஆதலால் ஆடுவோர் வேட்டியை மடித்து இறுகக் கட்டுவர். கணுக்காலில் சலங்கை தடையின்றி ஒலிக்கும். வெயிலில் ஆடும் உடலுக்கு வியர்வையை உறிஞ்சும் பருத்தியே ஏற்றது. பஜனை கேட்க மணல் வீதியில் அங்கப்பிரதட்சிணம் செய்யும் ஆடவருக்கு ஒற்றை வேட்டியே போதும்.

கோயிலுள் புகும் ஆடவர் எவராயினும் மேலாடை களைதல் விதி. அங்கே செல்வர்க்கும் வறியவர்க்கும் கோலம் ஒன்றே.