உங்களுக்குத் தெரியுமா? கதகதப்பைக் காப்பது காற்றுதான்!
கடுங்குளிரில் ஓடப் போகிறவருக்குத் தடித்த ஒரே கோட்டைவிட மெல்லிய மூன்று உடுப்புகளே மேல். உடல் சூட்டைக் காப்பது துணியைவிட, அடுக்குகளுக்கு நடுவே சிக்கி அசையாமல் நிற்கும் காற்றுதான். 1924-இல் எவரெஸ்ட்டில் மறைந்த மலையேற்ற வீரர் ஜார்ஜ் மல்லோரி பட்டும் கம்பளியுமாக அடுக்கி, மேலே காற்றைத் தடுக்கும் காபர்டீன் துணி உடை அணிந்திருந்தார். அந்த உடைகளின் நகலை 2006-இல் அதே மலையில் உடுத்திப் பார்த்தபோது, இலகுவாகவும் கதகதப்பாகவும் இருந்தன. ஒரே கோட்டு போதாதா என்று கேட்கலாம். சும்மா நிற்பவருக்குப் போதும், ஓடுபவருக்கு வியர்க்குமே! தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். முதுகோடு ஒட்டிய ஈரப் பனியன், ஓட்டம் நின்றதும் உடம்பை நடுக்கிவிடும். அடுக்காக உடுத்தியவரோ, வியர்க்கும் முன்பே ஒன்றைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்வார். உள்ளே மட்டும் பருத்தி வேண்டாம். ஈரத்தைக் குடித்தால் அது லேசில் உலராது.