வயதான காவல் நாய்க்குப் பராமரிப்பு

ஆட்டுப் பட்டியையும் களத்தையும் ஆண்டுக்கணக்கில் காத்த நாய், ஒரு நாள் எழுந்து நிற்கவே சிரமப்படுகிறது. வயதாகிவிட்டது என்று விட்டுவிடுவதே பலர் வழக்கம். இராஜபாளையம் போன்ற பெரிய நாய்களுக்கு 8 வயது வாக்கில் முதுமை தொடங்கிவிடும் என்பது உண்மை. ஆனால் முதுமை போலத் தோன்றுவது தீரக்கூடிய நோயாகவும் இருக்கலாம்.

ஈறு வெளுத்து, காய்ச்சலுடன் சோர்ந்து கிடந்தால் உண்ணி மூலம் பரவும் காய்ச்சலாக இருக்கலாம், மருந்துண்டு. பெட்டை நாய், பருவம் வந்துபோன சில வாரங்களில் தண்ணீரை மிகுதியாகக் குடித்து, தீனியை ஒதுக்கி, வயிறு உப்பினால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கக்கூடும். உடனே மருத்துவரிடம் கொண்டுசென்றால் அறுவை செய்து காப்பாற்ற வழியுண்டு. தாடை தொங்கி, எச்சில் வடிந்து, விழுங்க முடியாமல் தவிக்கும் நாயின் வாயில், எலும்பு சிக்கியதென்று நினைத்துக் கைவிடவே கூடாது. அது வெறிநோயாக இருக்கலாம். கிழட்டு நாய்க்கும் ஆண்டுதோறும் தடுப்பூசி தேவை.

மூட்டு வலிக்கு வீட்டிலுள்ள பாரசிட்டமால், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் மாத்திரைகளைக் கொடுப்பது பெருந்தவறு. மனிதருக்கு ஒத்துக்கொள்ளும் அளவு நாயின் ஈரலையோ குடலையோ சிறுநீரகத்தையோ கெடுத்துவிடும். நாய்க்கென்று உள்ள வலி மருந்தைக் கால்நடை மருத்துவர் எடைக்கேற்பத் தருவார்.

பல் தேய்ந்த நாய்க்கு எலும்பு வேண்டாம். குழைந்த சோறு அல்லது கேழ்வரகுக் கூழுடன் வேகவைத்த முட்டை சேர்த்து, சிறிது சிறிதாக இரண்டு மூன்று வேளை வைக்கலாம். வெங்காயம் சேர்ந்த குழம்பு ஆகாது. எட்டும் தூரத்தில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும். ஈரத் தரையில் படுக்கவிடாமல் வைக்கோல் மேல் சாக்கு விரித்து, எழ முடியாத நாயைச் சில மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையேல் படுக்கைப்புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். காது மந்தமான நாயைப் பின்னாலிருந்து தொட்டால் மிரண்டு கடிக்கும். குழந்தைகளிடம் சொல்லி வைப்பது நல்லது.

விருப்பமான தீனியையும் மறுத்து, மருந்துக்கும் அடங்காத வலியில் முனகிக்கொண்டே கிடந்தால் முடிவெடுக்கும் வேளை வந்துவிட்டது. அயலூரில் விட்டுவருவதும், சோற்றில் பூச்சிமருந்து கலப்பதும் கொடுமை. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். கால்நடை மருத்துவர் மயக்க மருந்தை அதிக அளவில் ஊசி மூலம் செலுத்தினால் நாய் தூங்குவதுபோல் அடங்கிவிடும். வளர்த்தவர் அப்போது அருகில் இருந்தால் நாய் மிரளாது. அந்த மருந்து உடலிலேயே தங்குவதால், தின்னும் பிற நாய்களும் கழுகுகளும் சாகும். கிணற்றுக்கு எட்டத்தில், தோண்டி எடுக்க முடியாத ஆழத்தில் புதைத்து, மேலே கல் அடுக்க வேண்டும்.